உண்டாட்டுப் படங்களில் வீடு எங்கே?

‘உண்டாட்டு’ என்ற சொல் இப்போது பேச்சில் இல்லை. கூடிக் குடித்து, களித்து, ஆடுவதற்கு நம் முன்னோர் வைத்த பெயர் அது. தொல்காப்பியம் அதை வெட்சித் திணையில் ஒரு துறையாகவே வைத்திருக்கிறது. பகைவர் நாட்டு மாடுகளை ஓட்டிவந்து பங்கு பிரிப்பது பாதீடு. இல்லாதவருக்கு அள்ளிக் கொடுப்பது கொடை. இரண்டுக்கும் நடுவில் வருவது உண்டாட்டு.

ஜவ்வாது மலையின் இந்தப் பக்கம் நம் அணைக்கட்டு. அந்தப் பக்கம் செங்கம். அங்கே கிடைத்த நடுகற்களைப் பற்றித் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று புத்தகமே போட்டது. பழைய வட ஆர்க்காடு மாவட்டம் முழுக்கவே நடுகல் பூமிதான். மாடு பிடிக்கும் சண்டையில் செத்தவன் வில்லும் வாளுமாக நிற்பான். சில கற்களில் அவன் காலருகே மூக்கு வைத்த கெண்டி ஒன்று செதுக்கியிருக்கும். நடுகல்லுக்குக் கள் படைக்கும் வழக்கம் சங்கப் பாட்டுகளில் இருக்கிறது. உயிரோடிருந்தபோது ஆடிய உண்டாட்டு, செத்த பிறகும் கல்லில் தொடர்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

தோல் ஷாப்பில் 34 வருஷம் வேலை பார்த்தவனுக்கு ஓவியத்தில் என்ன ஆசை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அதுவும் ஐரோப்பியர் வரைந்த குடிக் கொண்டாட்டப் படங்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால், எதிரே இருப்பவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். நான் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டவனில்லை. ஆனால் அந்தப் படங்களை இருபது வருஷத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் அவர்களுடைய கடவுளைப் பார்ப்போம். கிரேக்கர் டயோனிசஸ் என்பார்கள், ரோமானியர் பாக்கஸ் என்பார்கள். திராட்சை மதுவின் தெய்வம். தலையில் திராட்சைக் கொடி அல்லது ஐவிக் கொடி. சைலீனஸ் என்ற தொந்திக் கிழவர் அவருக்கு வளர்ப்புத் தந்தை மாதிரி. எப்போதும் போதையில் கழுதை மேல் சாய்ந்து வருவார். கூடவே ஆட்டுக்கால் கொண்ட சாத்திர்கள், தலைவிரி கோலமாக ஆடும் பெண்கள். நம் சிவபெருமானின் பூத கணங்களை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்.

இந்தப் பாக்கஸுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. அவர் இந்தியா மீது படையெடுத்து வென்று திரும்பினார் என்பது அவர்கள் புராணம். நொன்னஸ் என்ற கவிஞர் பாக்கஸின் கதையை 48 காண்டங்களில் பாடினார். அதில் பெரும்பகுதி இந்தப் படையெடுப்புத்தான். அதனால் ஐரோப்பிய ஓவியர்கள் பாக்கஸின் ஊர்வலத்தை வரைந்தால் தேரில் சிறுத்தையோ புலியோ பூட்டுவார்கள். இந்தியாவிலிருந்து வருகிறாராம்! நமக்கு மதுவின் உறவு எதிர்த் திசையில் இருந்தது. புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் தோண்டியபோது கிடைத்தவற்றில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச் சாடித் துண்டுகளும் உண்டு. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் பொற்கலத்தில் குடித்ததை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். ஆக, பாக்கஸ் இங்கே படையோடு வரவில்லை, கப்பலில் சரக்காக வந்து இறங்கினார்.

இந்தக் கொண்டாட்டப் படங்களுக்குப் பெரிய காலம் 16, 17-ஆம் நூற்றாண்டுகள். இத்தாலியில் ஃபெராரா நகரத்துப் பிரபு அல்ஃபோன்சோ தன் தனியறைச் சுவர்களுக்கு இந்த மாதிரிப் படங்களைக் கேட்டு வாங்கினார். அவருக்காகத் திஷன் வரைந்தவற்றில் இரண்டு உலகப் புகழ் பெற்றவை. ஒன்று ‘பாக்கஸும் அரியாத்னியும்’, 1520 முதல் 1523 வரை வரைந்தது, இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. மற்றொன்றில் ஆண்ட்ரோஸ் தீவு. அங்கே ஓடையில் தண்ணீருக்குப் பதில் மதுவே ஓடும். ஊரே குடித்து ஆடும். அது மாட்ரிட் நகரத்துப் பிராடோவில் இருக்கிறது. பிறகு ஃபிரான்சின் கார்டினல் ரிஷல்யூவுக்காகப் பூஸன் 1636-ல் ‘பானின் வெற்றி’யை வரைந்தார். ரூபன்ஸ் சைலீனஸைத் தள்ளாடித் தள்ளாடி நடக்கவிட்டார். மன்னர்களும் மத குருமார்களும்தான் இவற்றுக்குப் பணம் கொடுத்தவர்கள். புராணம் என்ற போர்வை இருந்ததால் யாரும் முகம் சுளிக்கவில்லை.

நம் பக்கம் இதற்கு இணை எது என்றால் எனக்குக் கம்பன்தான் நினைவுக்கு வருகிறான். பாலகாண்டத்தில் ‘உண்டாட்டுப் படலம்’ என்றே ஒரு படலம் இருக்கிறது. இராமன் கல்யாணத்துக்குத் தசரதன் தன் பரிவாரத்தோடு மிதிலைக்குப் போகிறான். வழியில் பூப்பறிக்கிறார்கள், நீராடுகிறார்கள், நிலா ஏறியதும் மது அருந்துகிறார்கள். கிண்ணத்தில் தன் முகமே தெரிய, யாரோ தோழி என்று எண்ணி அவளோடு பேசுகிறாள் ஒரு பெண். பட்டிமன்றத்தில் யாரும் இந்தப் படலத்தை எடுப்பதில்லை. ஆனால் திஷனின் ஓடைக்கரையும் கம்பனின் நிலாச் சோலையும் ஒரே மாதிரி இடங்கள்தான்.

இன்னொரு செய்தியும் ருசியானது. 1836-ல் மதுராவில் ஓர் ஆங்கில ராணுவ அதிகாரி ஒரு பழைய சிற்பத்தைக் கண்டெடுத்தார். தொந்தி பெருத்த ஆள், போதையில் தள்ளாட, பக்கத்தில் இருப்பவர்கள் தாங்குகிறார்கள். சைலீனஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டார் என்று அந்தக் கால அறிஞர்கள் பரவசப்பட்டார்கள். இதே மாதிரி வேறு சிற்பங்களும் அந்தப் பக்கம் கிடைத்தன. பிறகு வந்தவர்கள் இது யட்சர் தலைவன் குபேரன் கூட்டத்தின் குடிக்காட்சி என்று விளக்கினார்கள். தொந்தியும் தள்ளாட்டமும் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

நான் இவற்றை முதலில் நேரில் பார்த்தது 1999 நவம்பரில். ஃபினிஷிங் மெஷின் ஒன்றைப் பார்த்து, ஓட்டிப் பழகிக்கொண்டு வரச் சொல்லிக் கம்பெனியில் என்னை இத்தாலிக்கு அனுப்பினார்கள். சாந்தா குரோச்சே என்று ஆர்னோ ஆற்றங்கரையில் ஓர் ஊர். இறங்கியதுமே நம் ஆம்பூர், ராணிப்பேட்டை வாடை. மொழி தெரியாத ஊரில் அந்த வாடை ஒன்றுதான் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு. ரயில் ஏறினால் ஃபிளாரன்ஸ் பக்கம்தான். உஃபிஸி அருங்காட்சியகத்துக்குப் போனேன்.

அங்கேதான் கரவாஜியோவின் ‘பாக்கஸ்’. சுமார் 1596-ல் வரைந்தது. கூட்டமோ ஆட்டமோ கிடையாது. வெள்ளைத் துணி சுற்றிய ஒரு பையன் சாய்ந்து உட்கார்ந்து, இடக்கையில் அகன்ற கண்ணாடிக் கிண்ணத்தில் மதுவை நம் பக்கம் நீட்டுகிறான். தலையில் திராட்சை இலை. முன்னால் பழக்கூடை. கிட்டப் போய்ப் பார்த்தால் பழங்களில் சில அழுகல். மாதுளை வெடித்திருக்கிறது. பையனின் விரல் நகங்களில் அழுக்கு. கன்னமும் கைகளும் சிவந்திருக்கின்றன. கடவுள் வேஷம் போட்ட கூலிக்காரப் பையன் என்று உடனே தெரிந்துவிட்டது. இந்தப் படம் அந்த அருங்காட்சியகக் கிடங்கிலேயே வெகுகாலம் கவனிப்பாரில்லாமல் கிடந்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வெளிச்சத்துக்கு வந்ததாம். மதுக் குடுவையில் ஓவியரின் முகமே குட்டியாகப் பிரதிபலிக்கிறது என்கிறார்கள். கம்பன் வீட்டுக் கிண்ணத்தில் தெரிந்த முகம் போல.

அதே ஊரில் பார்ஜெல்லோ என்ற இடத்தில் மைக்கலாஞ்சலோ 20 வயதுகளில் செதுக்கிய பாக்கஸ் நிற்கிறார். கால் தடுமாறுகிறது. இடக்கையில் ஒரு மிருகத்தோல் தொங்குகிறது. தொழில் புத்தி, என் கண் அந்தத் தோலுக்குத்தான் முதலில் போனது. இந்தப் படங்களில் எங்கு பார்த்தாலும் தோல் இருக்கும். சாத்திர் இடுப்பில் ஆட்டுத்தோல். மது ஊற்றிவைக்க ஆட்டுத்தோல் பை. தமிழ் வேதாகமத்தில் துருத்தி என்று வருமே, அது. திஷன் படத்தில் ஒரு குட்டிச் சாத்திர் கயிறு கட்டி ஒரு கன்றுக்குட்டியின் தலையை இழுத்துக்கொண்டு வரும். பெரிய சாத்திர் கன்றின் காலைத் தூக்கி ஆட்டிக்கொண்டு வருவான். பார்ப்பவர்கள் அரியாத்னியின் நீலத் துணியைப் பார்ப்பார்கள். பச்சைத்தோல் லாரி இறக்கியவனுக்கு அந்தத் தலைதான் தெரியும். கொண்டாட்டத்தில் எதையோ பிய்த்துப் போட்டிருக்கிறார்கள் என்று ஓவியர் ஓரத்தில் சொல்லி வைத்திருக்கிறார்.

அந்தப் பிய்த்துப் போட்ட கதை கிரேக்கர்களிடம் விரிவாகவே இருக்கிறது. யூரிபிடீஸ் நாடகத்தில் பென்தியஸ் என்ற அரசன் பாக்கஸை மதிக்கவில்லை. வெறியேறிய பெண்கள் அவனை மிருகம் என்று எண்ணிக் கிழித்துப் போடுகிறார்கள். முதலில் கை வைத்தவள் அவனைப் பெற்ற தாய். தெளிந்த பிறகுதான் தன் கையில் இருப்பது மகன் தலை என்று தெரிகிறது. பிரபுக்களின் அறைகளுக்கு வரைந்த பெரிய ஓவியர்கள் இந்தப் பாதியை அதிகம் தொடவில்லை. விருந்து அறையில் யார் மாட்டுவார்கள்?

அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. மகாபாரதத்தில் மௌசல பர்வம் இருக்கிறது. துவாரகையில் யாரும் மது காய்ச்சக் கூடாது, மீறினால் கழுவில் ஏற்றுவோம் என்று பறையறைகிறார்கள். அதாவது மதுவிலக்கு! அப்படியும் பிரபாச தீர்த்தக் கரையில் யாதவர்கள் குடித்து, வாய்ச்சண்டை முற்றி, கோரைப் புல்லால் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு ஒரு குலமே அழிகிறது. ஆனால் நம் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில் கூத்து பதினெட்டாம் போர், படுகளம், தீமிதியோடு முடிந்துவிடும். மௌசலம் வரை போவதில்லை. கட்டியங்காரன் குடிகாரன் மாதிரி தள்ளாடிக் காட்டுவான், ஊரே சிரிக்கும். நம் சினிமாவும் அப்படித்தான்.

நம் மாவட்டத்தில் அந்தப் பறை எத்தனையோ முறை அறைந்து பார்த்தாயிற்று. ராஜாஜி 1937-ல் சேலத்தில் ஆரம்பித்த மதுவிலக்கு 1939-ல் வட ஆர்க்காட்டுக்கு வந்தது. 1971-ல் கடை திறந்தார்கள், 1974-ல் மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள். 2003-லிருந்து அரசாங்கமே சில்லறையில் விற்கிறது.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். என் அண்ணன் ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தார். இடுப்பளவு குழியில் இறங்கி, ஊறின தோலை இழுத்துப் போட வேண்டும். அந்த வாடையோடு சாப்பாட்டில் கை வைக்க முடியாது. “போட்டாத்தான் குழியில நிக்க முடியும்” என்று பெரியவர்களே இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். வேலைக்காக ஆரம்பித்தது வேலையை விழுங்கியது. 1988-ல் அவர் போனபோது வயது 41. இரண்டு குழந்தைகளையும் அண்ணிதான் பீடி சுற்றி ஆளாக்கினார்.

இத்தாலியிலிருந்து வந்து, வாங்கிவந்த அட்டைப் படங்களை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். கரவாஜியோ பையனை மற்றவர்கள் “பொம்பளையா ஆம்பளையா” என்று கேட்டுச் சிரித்தார்கள். அண்ணி கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

“தம்பி, இந்தப் புள்ளைக்குக் கை நடுங்குது பாருங்க.”

அப்போதுதான் நானும் பார்த்தேன். கிண்ணத்தில் மதுவின் மேல் வளையம் வளையமாகச் சிற்றலை. அசையாமல் பிடித்திருந்தால் அலை வராது. காலை எழுந்ததும் டம்ளர் பிடிக்க முடியாமல் நடுங்கும் கையைப் பத்து வருஷம் பார்த்த கண்ணுக்கு அது முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

பிறகு சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில் பிராடோ படங்கள் தொகுப்பு ஒன்று வாங்கினேன். அதில் வெலாஸ்கெஸ் 1628-29-ல் நான்காம் பிலிப் மன்னருக்காக வரைந்த ‘பாக்கஸின் வெற்றி’ இருக்கிறது. ஸ்பெயின்காரர்கள் அதைக் ‘குடிகாரர்கள்’ என்றே கூப்பிடுகிறார்கள். கடவுள் நடுவில் வெள்ளை உடம்போடு உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் வெயிலில் காய்ந்த ஏழைக் குடியானவர்கள். ஒருவன் மண்டியிட, கடவுள் அவன் தலையில் இலைமுடி சூட்டுகிறார். தொப்பி போட்ட ஒருத்தர் கிண்ணத்தோடு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார். உழைத்து ஓய்ந்தவனுக்கு ஒரு பொழுது ராஜாவாகும் சுகத்தை மது தருகிறது என்பதை வெலாஸ்கெஸ் மறைக்கவில்லை, கேலியும் செய்யவில்லை. அண்ணன் நல்ல மூடில் இருக்கும்போது அப்படித்தான் சிரிப்பார். அண்ணியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“நம்ம ஊரு ஆளுங்க மாதிரியே இருக்காரு. நல்லாத்தான் சிரிக்கிறாரு. இவரு வூட்டுல யாரு யாரு காத்துக்கினு இருக்காங்களோ!”

அந்த ஒரு பேச்சு எனக்கு எல்லாப் படங்களையும் திரும்பப் பார்க்க வைத்தது. திஷன், பூஸன், ரூபன்ஸ், எல்லாம் காடு, ஓடைக்கரை, மரத்தடி. எதிலும் வீடு கிடையாது. அடுப்பு கிடையாது. கதவருகே நிற்கும் ஆள் கிடையாது. கம்பனின் உண்டாட்டும் சோலையில்தான். குடியின் கொண்டாட்டத்தை வரைய வேண்டுமானால் வீட்டைப் படத்துக்கு வெளியே வைத்தாக வேண்டும்.

வீட்டை உள்ளே கொண்டுவந்தவர் இங்கிலாந்துக்காரர் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க். 1847-ல் ‘பாட்டில்’ என்று எட்டுப் படம் போட்டார். முதல் படத்தில் நல்ல குடும்பம், சாப்பாட்டு நேரம், புருஷன் பெண்டாட்டிக்கு ஒரு வாய் ஊற்றிக் கொடுக்கிறான். அடுத்தடுத்த படங்களில் வேலை போகிறது, சாமான்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன, குழந்தை போகிறது, கடைசியில் மனைவி அந்தப் பாட்டிலாலேயே சாகிறாள். பிறகு 1860-களில் நான்கு மீட்டர் அகலத்தில் ‘பாக்கஸ் வழிபாடு’ என்ற ஓவியத்தைத் தீட்டினார். நடுவில் பாக்கஸ் சிலை. சுற்றிலும் நூற்றுக்கணக்கான ஆட்கள், பெயர் சூட்டு விழா, கல்யாணம், சாவு என்று எல்லாவற்றிலும் குடி. லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அழகில் அது திஷன் பக்கத்தில் நிற்காது. ஆனாலும் அண்ணியின் கேள்விக்குப் பதில் சொல்லும் படம் அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

ஓய்வுக்குப் பிறகு கம்பனை முழுசாகப் படிக்க உட்கார்ந்தேன். கிட்கிந்தா காண்டத்தில் சுக்கிரீவன் மழைக்காலம் முழுக்கக் குடித்துக் கிடந்து, இராமனுக்குக் கொடுத்த வாக்கை மறக்கிறான். இலக்குவன் கோபத்தோடு வருகிறான். வான்மீகியில் வெளியே வரும் தாரையே மதுவில் கண் சுழல வருவாள். கம்பன் அதை மாற்றிவிட்டான். அவன் தாரை வாலியை இழந்த விதவை, நகையில்லை, பூவில்லை. குடித்தவன் உள்ளே கிடக்க, பதில் சொல்ல வாசலில் வந்து நிற்கிறாள். அவளைப் பார்த்ததும் இலக்குவனுக்கு அயோத்தியில் இருக்கும் தன் தாய்மார் நினைவு வந்து, கண் கலங்கித் தலை குனிகிறான். பிறகுதான் சுக்கிரீவன் தெளிந்து, கள்ளின் கேட்டை நொந்து பேசி, இனி தொடமாட்டேன் என்கிறான்.

குரூக்‌ஷாங்குக்குப் பல நூற்றாண்டு முன்பே கம்பன் அந்த வாசலை எழுதிவிட்டான். பாலகாண்டத்தில் உண்டாட்டை ஆசையாகப் பாடிய அதே கைதான் இதையும் எழுதியது. இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவனுக்குத்தான் அவன் முழுசாகக் கிடைப்பான்.

அண்ணிக்கு இப்போது 76 வயது. போன வாரம் தாரை வாசலில் வந்து நின்ற கதையை அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அவ ராணி தம்பி. வந்தவரு லட்சுமணன், தலை குனிஞ்சுட்டாரு. கடன்காரன் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்” என்றார்.